கிளினிக் புத்தகம் கையில் இருக்கட்டும்

சுகாதாரப் பாடம்: வீட்டில் உள்ள முதியோருக்காக

மலையகத்துக்கும் திருகோணமலைக்கும் தூரம் அதிகம். ஆனாலும் தொடர்பு பழையது. நாம் ரொட்டி சுடுகிற கோதுமை மாவில் ஒரு பங்கு அந்தத் துறைமுகத்துப் பிரிமா ஆலையில் அரைபட்டு வருகிறது. சந்தையில் வாங்கும் கருவாட்டிலும் அந்தக் கரையோரத்துக் கருவாடு உண்டு. இவற்றை விடப் பெரிய தொடர்பு மனிதத் தொடர்பு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் தோட்டங்களை விட்டுப் போன நம் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களில் குடியேறின. அதனால்தான் இன்றைக்கும் நம் லயங்களில் "திருமலைல மக இருக்கா", "தம்பி குடும்பம் அங்கதான்" என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறோம்.

வேலையிலிருந்து நின்ற பிறகு நம் அம்மாமார், அப்பாமார் சிலர் அங்கும் இங்குமாக இருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூட்டு வலி என்று திருகோணமலைக்குப் போவார்கள். தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். அப்படிப் போய் வரும்போது அடிக்கடி ஒன்று அறுந்து போகிறது. அது மருந்து. "மாத்திரை முடிஞ்சிருச்சு, ஊருக்குப் போய் எடுத்துக்கலாம்" என்று விட்ட பத்து நாளில் கை கால் இழுத்து விழுந்தவர்கள் உண்டு. அதன் பிறகு அந்த வீட்டில் யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். பல நேரம் பேத்தி பள்ளிக்கூடத்தை விடுகிறாள்.

இந்தப் பாடத்தில், முதியோரின் சுகாதாரம் பற்றி ஆய்வுகளில் கண்டறிந்த சில விஷயங்களை எடுத்துக்கொள்கிறோம். அவை வீட்டு வாசல் வரை வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

1. முதியோர் என்றால் யார்?

நமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் முதியோர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர். அதன் பிறகு இந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது.

கேகாலை மாவட்டத்தின் கிராமப்புறங்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்யப்பட்டது. அதன் முடிவு 2019இல் வெளிவந்தது. நூற்றுக்குச் சுமார் 15 பேர் உடல் மிகவும் தளர்ந்தவர்களாக இருந்தார்கள். மேலும் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த நிலைக்கு முந்திய படியில் இருந்தார்கள். உடல் மெலிவது, சோர்வு, நடை மெதுவாவது, கைப்பிடி பலம் குறைவது, முன்போல வேலை செய்ய முடியாமல் போவது ஆகியவைதான் இந்தத் தளர்ச்சியின் அடையாளங்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பாதிப்பேரை. அவர்கள் இன்னும் விழவில்லை. கொழுந்து எடுத்த கை, கவ்வாத்து வெட்டிய கை, இன்னும் வேலை செய்யும் கை. சரியான நேரத்தில் கவனித்தால் பல வருஷம் தம் காலிலேயே நடப்பார்கள். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அடுத்த படிக்கு இறங்கிவிடுவார்கள்.

2. சத்தம் போடாத வருத்தம்

பிரஷர் என்று நாம் சொல்லும் உயர் இரத்த அழுத்தம், முதியோரிடம் அதிகம் காணப்படும் வருத்தங்களில் ஒன்று. பிரஷர் பார்க்கும்போது இரண்டு கணக்குச் சொல்வார்கள். பொதுவாக மேல் கணக்கு 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ்க் கணக்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் பிரஷர் இருக்கிறது என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள்.

இந்த வருத்தத்தின் பெரிய கேடு என்னவென்றால், அது சத்தம் போடாது. பல்லு வலித்தால் தெரியும். பிரஷர் கூடினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். உள்ளே மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தக்குழாய்கள் கெட்டுக்கொண்டே வரும். ஒரு நாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளியே வரும்.

மாத்திரை சாப்பிட்டு வரும்போது கணக்கு இறங்கும். உடனே "சுகமாயிருச்சு" என்று நிறுத்துகிறவர்கள் பலர். மாத்திரை போட்டதால்தான் கணக்கு இறங்கி நிற்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும். இது காய்ச்சல் மருந்து போல மூன்று நாளில் முடிகிற காரியம் இல்லை.

3. முப்பது கிராமங்களில் செய்த பரீட்சை

பிரஷருக்கு மருந்து கண்டுபிடித்துப் பல காலமாகிவிட்டது. உப்பைக் குறைக்க வேண்டும் என்பதும் புதிய செய்தி இல்லை. அப்படியிருந்தும் கிராமத்து மக்களின் பிரஷர் ஏன் கட்டுப்படவில்லை? குறை மருந்தில் இல்லை, மருந்துக்கும் மனிதருக்கும் நடுவில் உள்ள வழியில்தான் குறை என்று நினைத்த ஆய்வாளர்கள், இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலும் நாட்டுக்குப் பத்தாக 30 கிராமப்புற ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 40 வயதுக்கு மேற்பட்ட, பிரஷர் உள்ள 2,645 பேர் அதில் சேர்ந்தார்கள்.

பாதி ஊர்களில் வழக்கமான சேவை மட்டும் நடந்தது. மற்றப் பாதி ஊர்களில் நான்கு காரியங்களைக் கூடுதலாகச் செய்தார்கள்.

முதலாவது, ஏற்கெனவே அந்த ஊரில் வேலை செய்கிற சுகாதார ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீடு தேடிப் போய்ப் பிரஷர் பார்த்தார்கள். உப்பு, நடை, புகைத்தல், மாத்திரை பற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். இலங்கையில் இந்த வேலையைச் செய்தவர்கள் மிட்வைஃப்மார், அதாவது நம் வீடுகளுக்குப் பிள்ளை நிறுக்க வருகிறவர்களைப் போன்ற குடும்பநல உத்தியோகத்தர்கள்.

இரண்டாவது, கணக்கு மிகவும் கூடியிருந்தவர்களை உரிய வைத்தியரிடம் அனுப்பி, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று பார்த்தார்கள்.

மூன்றாவது, வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, எந்த நிலையில் எந்த மருந்து என்று படிப்படியான அட்டவணையும் கொடுத்தார்கள்.

நான்காவது, கூடுதல் வேலை செய்த ஊழியருக்குக் கூடுதல் கொடுப்பனவு கொடுத்தார்கள். சும்மா சுமையை ஏற்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான சேவை நடந்த ஊர்களில் மேல் கணக்கு சராசரியாகச் சுமார் 4 இறங்கியிருந்தது. வீடு தேடிப் போன ஊர்களில் 9 இறங்கியிருந்தது. பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் வழக்கமான ஊர்களில் நூற்றுக்கு 44 பேர், வீடு தேடிப் போன ஊர்களில் 53 பேர். இந்த முடிவு 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது.

"ஐந்து கணக்கு இறங்கினா என்ன பெரிய காரியம்?" என்று கேட்கலாம். பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2021இல் வந்த ஒரு கணக்கின்படி, மேல் கணக்கில் 5 இறங்கினால் பாரிசவாதம், மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஒரு தோட்டம் முழுக்க அப்படி இறங்கினால் எத்தனை வீட்டில் படுக்கையில் விழாமல் தப்புவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பரீட்சையில் புதிய மருந்து எதுவும் இல்லை. பெரிய இயந்திரமும் இல்லை. இருந்த மருந்தையும் இருந்த ஊழியரையும் ஒழுங்காகச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆய்வு நமக்குத் தரும் பாடம் இதுவே: யார் கொண்டுபோவது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை கொண்டுபோவது என்று முடிவு செய்தால்தான் அறிவு வாசலுக்கு வரும்.

4. திருகோணமலை நமக்குக் காட்டுவது

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. நகரத்தில் பெரிய பொது வைத்தியசாலை இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் மாவட்டம் நீண்டு கிடக்கிறது. வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல். நடுவில் கடல், களப்பு, ஆறு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அந்த ஊரார் நகரத்துக்குப் பாதையில், அதாவது மிதவையில் ஏறித்தான் வந்தார்கள். மூதூர்க்காரர்கள் கொட்டியாரக்குடாவை லோஞ்சில் கடந்தார்கள். முழங்கால் வலியோடு லோஞ்சில் ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்தால், ஒரு முதியவர் ஏன் கிளினிக்கைத் தவறவிட்டார் என்று புரியும்.

பாலம் வந்தது பெரிய உதவி. ஆனாலும் பாலத்தில் பஸ் ஏறக் காசு வேண்டும், கூட வர ஆள் வேண்டும். மீன்பிடிக் குடும்பத்தில் மகன் கடலுக்குப் போயிருப்பான். நம் தோட்டத்தில் மகள் மலைக்குப் போயிருப்பாள். கிளினிக்குக்குக் கூடப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. கடற்கரையிலும் மலையிலும் கஷ்டம் ஒரே மாதிரிதான்.

அந்த மாவட்டம் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோள் கிண்ணியா வைத்தியசாலையையே அழித்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. அப்படி ஓடும்போது வயசாளியின் மாத்திரையையும் கிளினிக் புத்தகத்தையும் எடுக்க யாருக்கு நினைவு வரும்? முகாமில் புதிய வைத்தியர் "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்பார். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, சின்னது ஒண்ணு" என்று சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்?

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களையே மூடியது. ஆகவே கடலோரமானாலும் மலையோரமானாலும், முதியவரின் மருந்து விபரம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று அவர் கையில். மற்றது பிள்ளையின் கையில்.

5. தோட்டத்திலிருந்து திருகோணமலைக்குப் போகும் முன்

முதியவர் இடம் மாறும்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

• போகிறதற்கு முன் வரும் கிளினிக் நாளில் டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். "ரெண்டு மாசம் திருகோணமலைல இருப்பேன், அங்க காட்ட ஒரு கடிதம் தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

• அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். எந்த மாவட்டத்துக்காரராக இருந்தாலும் அடுத்த மாவட்டத்துக் கிளினிக்கில் காட்டலாம். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மகளோ மருமகனோ பக்கத்து வைத்தியசாலையில் கிளினிக் நாள் எது என்று விசாரித்து வைக்கட்டும். மாத்திரை முடிகிற நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

• கிளினிக் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகள் இருவரிடம் வையுங்கள். புத்தகத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள்.

• மாத்திரையை அதன் உறையோடு வையுங்கள். எல்லாவற்றையும் கொட்டி ஒரே டப்பாவில் போட வேண்டாம். வெயில் படும் யன்னல் ஓரமும் வேண்டாம், அடுப்படி ஈரமும் வேண்டாம்.

• நுவரெலியாக் குளிரில் இருந்தவர் திருகோணமலை வெயிலுக்குப் போனால் வேர்வை அதிகம் போகும். பிரஷர் மாத்திரை, அதிலும் சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை குடிக்கிறவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். உட்கார்ந்து மெதுவாக எழும்புங்கள். அங்குள்ள டொக்டரிடம் காட்டிப் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் கேளுங்கள். இருதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

• சித்த மருந்து, நாட்டு மருந்து குடிக்கிறவர்கள் அதை மறைக்க வேண்டாம். இரண்டு வைத்தியருக்கும் இரண்டு மருந்தும் தெரிய வேண்டும்.

• திரும்பி வரும்போது அங்கே எழுதிய புத்தகமும் கூட வரட்டும். கருவாட்டுப் பொட்டலம் மறந்தாலும் பரவாயில்லை, புத்தகம் மறக்கக் கூடாது.

கருவாடு என்றதும் உப்பு நினைவுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், ரொட்டிக்குத் தொடும் சம்பல் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்பு கொஞ்சம் குறையும். கருவாடு வைத்த அன்று மற்றக் கறியில் உப்பைக் குறைக்கலாம். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இருதயத்துக்குக் கெடுதி, வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

6. விழுவது விதி இல்லை

"வயசானவங்க விழத்தான் செய்வாங்க" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 233 பெண்களில் பாதிப்பேருக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய காற்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் பயிற்சி இல்லாதவர்கள் விழுந்தது 152 தடவை. பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 88 தடவை. இது 1997இல் வெளிவந்தது.

அங்கே பயிற்சி கொடுத்தவர் உடற்பயிற்சி வைத்தியத்தில் படித்தவர். அப்படிப்பட்டவர் எல்லா ஊருக்கும் கிடைப்பாரா? அதையும் பார்த்தார்கள். ஊரில் வீடு வீடாகப் போகும் ஒரு தாதிக்கு இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, அவர் மூலம் 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விழுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த முடிவு 2001இல் வந்தது. மிட்வைஃப்மார் பிரஷர் பார்த்த கதையும் இதுவும் ஒன்றுபோல இருப்பதைக் கவனியுங்கள். ஊருக்குப் பழக்கமான ஒருவர் கையில் கொடுத்தால் காரியம் நடக்கிறது.

வீட்டில் தொடங்கக் கூடிய எளிய பயிற்சிகள் சில:

• கதவு நிலையையோ உறுதியான மேசையையோ பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி விரலில் நிற்பது, பின் மெதுவாக இறங்குவது. 10 தடவை.

• நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவது. முதலில் கையூன்றி, பலம் வந்த பின் கையூன்றாமல்.

• பிடித்துக்கொண்டே ஒரு காலுக்கு முன் மறு காலை நேராக வைத்து நிற்பது.

கிழமைக்கு மூன்று நாள் செய்தால் போதும். கூட ஒருவர் நிற்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பயிற்சியோடு இடத்தையும் பாருங்கள். லயத்து வாசலில் பாசி பிடித்த படி, மழைக்கால் கான், ராத்திரியில் கக்கூசுக்குப் போகும் இருட்டு வழி, இவைதான் நம் முதியோரை விழுத்துகின்றன. படியைத் தேய்த்துக் கழுவுவதும், பிடித்து நடக்க ஒரு மூங்கிலைக் கட்டுவதும், தலைமாட்டில் ஒரு டோர்ச் வைப்பதும் காசு அதிகம் கேட்காத வேலைகள். திருகோணமலைக்குப் போனால் கோணேசர் கோவில் ஏற்றத்திலும் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியின் ஈரத் தரையிலும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. வீட்டில் பார்க்கும் ஆறு விஷயங்கள்

உலக சுகாதார நிறுவனம் முதியோரின் ஆற்றலைக் காக்க ஒரு வழிகாட்டியை 2019இல் வெளியிட்டது. ஊர் மட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஆறு விஷயங்களைப் பார்க்கும்படி அது சொல்கிறது. அந்த முறையை ஒட்டி, நாமும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டில் பார்க்கலாம்.

நினைவு: "பூ, கதவு, அரிசி" என்று மூன்று சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு என்ன தேதி, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். பிறகு அந்த மூன்று சொல்லையும் கேளுங்கள்.

நடமாட்டம்: நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு 5 தடவை எழும்பி உட்காரட்டும். 14 செக்கனுக்குள் முடிக்கிறாரா பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

சாப்பாடு: கடந்த 3 மாதத்தில் அவராக முயலாமல் 3 கிலோவுக்கு மேல் மெலிந்தாரா? பசி குறைந்ததா? ரவிக்கை, சாரம் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலும் தெரியும்.

கண்: தூரத்தில் வருகிறவரைத் தெரிகிறதா? அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா?

காது: பின்னால் நின்று மெதுவாகப் பேசினால் கேட்கிறதா?

மனம்: கடந்த இரண்டு கிழமையில் மனம் சோர்ந்து, எதிலும் ஆசை இல்லாமல் இருந்தாரா?

ஏதாவது ஒன்றில் குறை தெரிந்தால் அது நோய் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியிலோ வைத்தியசாலையிலோ சொல்லிக் காட்ட வேண்டும். கண்ணில் வெள்ளை படர்ந்தால் சத்திரசிகிச்சையால் பார்வையைத் திரும்பப் பெறலாம். கண் தெரிந்தால் விழுவதும் குறையும். மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு. "பாட்டி இப்ப யார்கிட்டயும் பேசுறதில்ல" என்பதை வயசின் குணம் என்று ஒதுக்கக் கூடாது.

8. சட்டமும் சங்கமும்

முதலில் சொன்ன 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசியச் செயலகம் இயங்குகிறது. கிராம மட்டத்தில் முதியோர் சங்கம் அமைக்கலாம். 60 வயதைக் கடந்தவர்கள் முதியோர் அடையாள அட்டை பெறலாம். வசதியிருந்தும் பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கக் கொடுப்பனவும் உண்டு. விபரத்தைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாது என்று யாரும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதித் தரட்டும்.

முதியோர் சங்கம் என்றால் தீபாவளிக்குச் சேலை கொடுப்பதோடு முடிகிற காரியம் இல்லை. மாதம் ஒரு நாள், பெரட்டுக்களத்திலோ கோவில் மண்டபத்திலோ கூடலாம். சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்துக்குக் கடிதம் கொடுத்துப் பிரஷர் பார்க்க ஆளைக் கேட்கலாம். 2011 முதல் அரசாங்கம் நடத்தி வரும் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' என்ற சுகவாழ்வு நிலையங்களில் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைக்கலாம். கிளினிக்குக்குப் போக வேண்டிய ஐந்து பேருக்கு ஐந்து மகள்மார் பேரை இழக்க வேண்டியதில்லை. முறை போட்டு ஒருவர் ஐந்து பேரையும் கூட்டிப் போய் வரலாம். யாருடைய மாத்திரை எப்போது முடிகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வைக்கலாம். மிட்வைஃப் அம்மாவுக்கு ஏற்கெனவே தாய் பிள்ளை வேலை நிறைய இருக்கிறது. நம் சங்கம் கொப்பியை ஒழுங்காக வைத்திருந்தால் அவர் வேலையும் இலேசாகும்.

9. உடனே ஓட வேண்டிய நேரம்

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் கூடாது. வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 'சுவசெரிய' அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் இலவசமாகக் கூப்பிடலாம். போகும்போது கிளினிக் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க

• பிரஷர் சத்தம் போடாது. பார்த்தால்தான் தெரியும்.
• கணக்கு இறங்கியதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.
• இடம் மாறும் முன் கடிதம், போனதும் கிளினிக், திரும்பும்போது புத்தகம்.
• மருந்து விபரம் இரண்டு பேர் கையில் இருக்க வேண்டும்.
• கால் பலத்தைக் கிழமைக்கு மூன்று நாள் பயிற்சியால் காக்கலாம்.
• ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆறு விஷயங்களைப் பாருங்கள்.

கூடிப் பேச

1. உங்கள் லயத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர்? கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள்?

2. கிளினிக்கைத் தவறவிட்டவர் ஏன் தவறவிட்டார்? காசா, ஆளா, தூரமா, மறதியா?

3. முறை போட்டுக் கூட்டிப் போக உங்கள் லயத்தில் யார் யார் முன்வருவார்கள்?

4. திருகோணமலையிலோ வேறு ஊரிலோ போய் இருக்கும் உங்கள் வீட்டு முதியவரிடம் இந்தக் கிழமை பேசும்போது என்ன கேட்பீர்கள்?

நான்காவது கேள்விக்கு மட்டும் பதிலை இப்போதே சொல்லிவிடலாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?"